முதல் ரசிகர் இதழை அச்சில் கொண்டுவருவது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

ஒரு காமிக்ஸ் வரிசையையோ, ஒரு தொடர்கதையையோ, ஓர் இசையமைப்பாளரையோ ஆழ்ந்து நேசிப்பவர்கள், அந்த நேசத்தின் பேரில் தாமே எழுதி, தாமே பக்கம் அமைத்து, கைக்காசு போட்டு அச்சிட்டு, தம்மைப் போன்ற பிறருக்கு அனுப்பிவைக்கும் சிற்றேட்டையே ரசிகர் இதழ் என்கிறோம். இதற்கு அச்சக அனுபவமோ பெரிய முதலீடோ தேவையில்லை. வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்று தெரியாததால்தான் பல முதல் இதழ்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. ஆகவே, இதுவரை எதையும் அச்சிட்டறியாத ஒருவர் ஓர் இதழைத் தொடங்கி, முடித்து, வாசகர் கையில் சேர்க்கும் வரை செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். பதினாறு பக்கம், ஏ5 அளவு, கறுப்பு வெள்ளை, ஐம்பது பிரதி என்ற மிக எளிய வடிவத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அதைச் செய்யக் கற்றவர் பிறவற்றைத் தாமே செய்துகொள்ள முடியும்.

இவ்விதழ்கள் பிறந்த விதத்தை அறிந்துகொள்வது வேலைக்கும் உதவும். 1926இல் அமெரிக்காவில் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் தொடங்கிய அறிவியல் புனைகதை இதழ், வாசகர் கடிதங்களை எழுதியவரின் முகவரியோடு வெளியிட்டது. முகவரியைக் கண்ட வாசகர்கள் தங்களுக்குள்ளேயே கடிதம் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். அதிலிருந்து சங்கங்கள் தோன்றின. அத்தகைய சங்கம் ஒன்று 1930 மே மாதம் கொண்டுவந்த 'தி காமெட்' என்ற ஏடே முதல் அறிவியல் புனைகதை ரசிகர் இதழாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. 1933இல் கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்களான ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் சைக்ளோஸ்டைலில் (மெழுகுத்தாள் வழி நகலெடுக்கும் பொறியில்) உருட்டி எடுத்த தங்கள் ரசிகர் இதழில்தான் 'சூப்பர்மேன்' என்ற பெயர் முதன்முதலில் அவர்கள் கதை ஒன்றில் வந்தது. உலகம் அறிந்த அந்த நாயகன் காமிக்ஸில் தோன்றியது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1938இல். 1976இல் லண்டனில் மார்க் பெர்ரி என்ற இளைஞர் பங்க் இசைக்காகத் தட்டச்சு செய்து, தலைப்புகளைத் தடித்த பேனாவால் எழுதி, நகலெடுத்து வெளியிட்ட இதழும் சில பத்துப் பிரதிகளோடுதான் தொடங்கியது. பள்ளி கல்லூரிகளிலும் ஊர் நூலகங்களிலும் ஒரே பிரதியாகக் கைமாறிய நம் கையெழுத்துப் பத்திரிகைகளும், 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' போன்ற சிறுபத்திரிகைகளும் இதற்கு நெருங்கிய உறவினர்களே. இவை எல்லாவற்றிலும் நான் காண்பது ஒன்று: எழுதியவருக்குத் தம் வாசகர் யார் என்பது ஏறக்குறைய பெயர் சொல்லித் தெரிந்திருந்தது. முதல் இதழுக்கான முடிவுகள் அனைத்தையும், பக்க எண்ணிக்கை முதல் அச்சு முறை வரை, அந்த வாசகர் எண்ணிக்கையிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது.

வாசகரும் பொருளும்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் இதழைப் பெற்றுக்கொள்ளப் போகிறவர்களின் பெயர்களை எழுதுங்கள். இருபது பெயர் தேறினால் ஐம்பது பிரதி அச்சிடலாம். மீதி முப்பதும் நண்பரின் நண்பர்களுக்கும், புத்தகக் கண்காட்சியில் சந்திப்பவர்களுக்கும், நூலகங்களுக்கும் போய்ச் சேரும். பெயரே எழுத வரவில்லையென்றால், இதழைத் தொடங்குவதைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, அதே ஆர்வமுள்ளவர்களைத் தேடிப் பழகுவது நல்லது.

அடுத்து, பொருளைக் குறுக்குங்கள். இளையராஜா என்பது பதினாறு பக்கத்துக்குள் அடங்கும் பொருள் அன்று. ஆனால் 1976இலிருந்து 1980 வரை வந்த அவருடைய இசைத்தட்டுகளின் உறைகளில் யார் யார் பெயர்கள் அச்சாகியிருந்தன என்பது அடங்கும். தமிழ்க் காமிக்ஸ் என்பது அடங்காது. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் அயல்நாட்டு நாயகர்களுக்குச் சூட்டிய தமிழ்ப் பெயர்களை ஒரு தொகுப்பாக ஆராய்வது அடங்கும். வணிக இதழ்கள் தொட முடியாத அளவு குறுகிய பொருளை எடுத்துக்கொள்ளும் உரிமை ரசிகர் இதழுக்கு மட்டுமே உண்டு; அதை விட்டுக்கொடுத்துப் பொதுவான புகழுரைகளால் பக்கத்தை நிரப்புவது மிகப்பெரிய இழப்பு.

பக்கக் கணக்கு

ஒரு ஏ4 தாளை நடுவே மடித்தால் இரண்டு ஏ5 அரைத்தாள்கள், அதாவது நான்கு பக்கங்கள் கிடைக்கும். எனவே நடுவில் பின் அடித்த எந்த ஏட்டுக்கும் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். எட்டு, பன்னிரண்டு, பதினாறு, இருபது என்றுதான் போகலாம். பதினான்கு பக்க ஏடு என்ற ஒன்று இல்லை. அட்டையும் இந்தக் கணக்கில் சேரும். பதினாறு பக்க ஏட்டில் முன்னட்டை, பின்னட்டை, உள்ளட்டை இரண்டு ஆகியவற்றைக் கழித்தால் உரைக்கு மிஞ்சுவது பன்னிரண்டு பக்கம். பதினொரு புள்ளி எழுத்தில், கண்ணுக்கு இதமான வரி இடைவெளியோடு அமைத்தால் ஏ5 பக்கம் ஒன்றில் ஏறத்தாழ 200 தமிழ்ச் சொற்கள் கொள்ளும். படங்களுக்கும் தலைப்புகளுக்கும் இடம் விட்டால், முழு இதழுக்கும் 1,800 முதல் 2,000 சொற்கள் போதும். புதியவர்கள் பெரும்பாலும் இதைப் போல இரண்டு மடங்கு எழுதி வைத்துவிட்டுப் பிறகு எழுத்தைச் சுருக்கி, ஓரங்களை நெரித்து, படிக்க முடியாத பக்கங்களை உண்டாக்குகிறார்கள். மிஞ்சுவதை இரண்டாவது இதழுக்கு எடுத்துவையுங்கள்.

கணினித் திரையில் 1, 2, 3 என்று தெரியும் பக்கங்கள் தாளில் அதே வரிசையில் அச்சாவதில்லை. மடித்த பின் சரியாக அமைய வேண்டுமானால் ஒரு தாளின் ஒரு முகத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரு பக்கங்களின் எண்களைக் கூட்டினால் மொத்தப் பக்கத்தைவிட ஒன்று அதிகம் வர வேண்டும். பதினாறு பக்கத்துக்கு அந்தக் கூட்டல் 17. முதல் தாளின் வெளிமுகத்தில் இடப்புறம் 16, வலப்புறம் 1. அதன் உள்முகத்தில் 2, 15. இரண்டாம் தாளில் 14, 3. பின்புறம் 4, 13. மூன்றாம் தாளில் 12, 5; பின்புறம் 6, 11. நான்காம் தாளில் 10, 7. பின்புறம் 8, 9. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நான்கு வெற்றுத் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் எண்ணையும், அதில் வரப்போகும் கட்டுரையின் பெயரையும் எழுதிப் பிரித்துப் பாருங்கள். அச்சக வழக்கில் 'டம்மி' எனப்படும் இந்த வெற்று மாதிரியை, வேலை முடியும் வரை மேசை மேல் வைத்திருங்கள். எந்தக் கட்டுரை எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது, 8க்கும் 9க்கும் நடுவே மட்டுமே ஒரே தாளில் தடையின்றிப் படம் விரிய முடியும் என்பன போன்ற உண்மைகளை அது திரையைவிடத் தெளிவாகக் காட்டும்.

பதினாறு பக்கமே பெரிதாகத் தோன்றினால் ஒரே ஏ4 தாளில் எட்டுப் பக்கச் சிறு ஏடு செய்து பழகலாம். தாளைக் கிடைமட்டமாக வைத்து எட்டுக் கட்டங்களாக மடித்துக்கொள்ளுங்கள். கீழ்வரிசையில் இடமிருந்து வலமாக 6, 7, 8, 1. மேல்வரிசையில் இடமிருந்து வலமாக 5, 4, 3, 2, இவை நான்கும் தலைகீழாக. இரு வரிசைகளுக்கும் நடுவிலுள்ள மடிப்பில், நடு இரண்டு கட்டங்களின் நீளத்துக்கு மட்டும் கத்தரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் ஏடு தானே உருவாகிவிடும். பின் அடிக்கவோ இருபுறம் அச்சிடவோ தேவையில்லை. பள்ளி மாணவர்களோடு இதைச் செய்வதற்கு ஒரு மதிய நேரம் போதும்.

எழுத்தும் படமும் சேர்த்தல்

முதல் இதழை ஒருவரே எழுதுவதில் தவறில்லை. ஆயினும் இன்னொரு குரலாவது இருந்தால் ஏடு உயிர் பெறும். பிறரிடம் கட்டுரை கேட்கும்போது பொருள், சொல்லளவு, கெடு நாள் ஆகிய மூன்றையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். 'ஏதாவது எழுதித் தாருங்கள்' என்று கேட்டால் ஏதும் வருவதில்லை. கெடு நாளை உண்மையில் தேவைப்படும் நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாக வைப்பது நல்லது. வந்த கட்டுரையைத் திருத்தினால், அச்சுக்குப் போகும் முன் எழுதியவருக்குக் காட்டி ஒப்புதல் பெறுங்கள். ஊதியமில்லாமல் எழுதும் நண்பருக்கு நீங்கள் தரக்கூடிய மரியாதை அதுவே.

தகவல் பிழைகளில் கண்டிப்பாக இருங்கள். படம் வெளியான ஆண்டு, பாடியவர் பெயர், ஓவியரின் பெயர் ஆகியவற்றை நினைவிலிருந்து எழுதாமல் மூல இதழையோ இசைத்தட்டு உறையையோ கையில் வைத்துக்கொண்டு சரிபாருங்கள். ரசிகர் எழுதியதைத்தான் நாளை ஆய்வாளர் மேற்கோள் காட்டப்போகிறார். பல துறைகளில் வேறு பதிவே கிடையாது.

உரிமை பற்றிய சில தெளிவுகள்

பிறருடைய படைப்பை நேசித்து எழுதுவது ஒன்று. அதை எடுத்து அச்சிடுவது வேறு. இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் (1957) படி ஓர் எழுத்தாளர் அல்லது ஓவியரின் படைப்புக்கான உரிமை அவர் வாழ்நாள் முழுவதும், மறைவுக்குப் பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. விமர்சனத்துக்காகவும் ஆய்வுக்காகவும் நியாயமான அளவில் மேற்கோள் காட்டுவதைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஒரு கதையை விவாதிக்கும் கட்டுரையில் அதன் சில வரிகளை எடுத்தாள்வது இதில் அடங்கும். முழு அத்தியாயத்தையோ, முழுப் பாடல் வரிகளையோ மறுபடி அச்சிடுவது அடங்காது.

ஒரு படைப்புக்குள்ளேயே பல உரிமைகள் இருக்கக்கூடும் என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. கல்கியின் வரலாற்றுத் தொடர்களை எடுத்துக்கொள்வோம். அவர் 1954இல் மறைந்தார். அவருடைய எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. ஆகவே உரையை எவரும் அச்சிடலாம். ஆனால் 'பொன்னியின் செல்வன்' வாரந்தோறும் வந்தபோது அதற்கு ஓவியம் தீட்டிய மணியம் 1968இல்தான் மறைந்தார். அவர் ஓவியங்களின் உரிமைக் காலம் இன்னும் முடியவில்லை. எனவே அந்த நாவலின் ரசிகர்கள் ஓர் இதழ் கொண்டுவந்தால், உரையிலிருந்து தயக்கமின்றி எடுக்கலாம். அந்தப் பழைய ஓவியங்களுக்கு உரியவர்களின் அனுமதி வேண்டும். ஆகவேதான், இதழுக்கென்றே நண்பர்களைப் புதிதாக வரையச் சொல்வது எல்லா வகையிலும் சிறந்தது. புதிய ஓவியம் ஏட்டுக்கும் தனி முகம் தரும். ஆனால் உரிமை வாழும் ஒரு காமிக்ஸ் நாயகனை வரைவதாக இருந்தால், புதிதாக வரைந்ததாலேயே அது உங்கள் உடைமை ஆகிவிடாது. அத்தகைய இதழை இலாபத்துக்கு விற்காமல் இருப்பதும், உரிமையாளர் மறுத்தால் நிறுத்திக்கொள்வதும் நாணயமான வழி. கட்டுரை தந்தவர்களின் உரிமை அவர்களுக்கே உரியது என்பதையும் ஏட்டில் ஒரு வரியில் அச்சிடுங்கள்.

பக்கம் அமைத்தல்

தமிழில் பக்கம் அமைப்பவர் முதலில் எதிர்கொள்வது எழுத்துருச் சிக்கலே. கட்டுரைகள் அனைத்தையும் யூனிகோடில் பெறுங்கள். பழைய பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டிய கோப்பு வந்தால் அதை யூனிகோடுக்கு மாற்றிய பின், ஒருமுறை முழுவதும் வாசித்துப் பாருங்கள். மாற்றும்போது 'ஔ', 'ஸ்ரீ', மேற்கோள் குறிகள், எண்கள் ஆகியவை சிதைவது வழக்கம். அச்சுக்குத் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள் இன்று பல உள்ளன: உரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்குக் காட்டமரான், ஹிந்த் மதுரை, பலூ தம்பி போன்றவை. ஓர் இதழுக்கு இரண்டு எழுத்துருக்கள் போதும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, லிபர் ஆபீஸ் ரைட்டரிலேயே பதினாறு பக்க ஏட்டை அழகாகச் செய்துவிடலாம். தாள் அளவை ஏ5 என்று அமைத்துக்கொண்டால் போதும். படங்கள் அதிகமென்றால் இலவசமான ஸ்கிரைபஸ் உதவும். அதன் 1.4 பதிப்பு தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்காது. 2024இல் வந்த 1.6 பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ பயன்படுத்துங்கள். இன்டிசைனில் வேலை செய்பவர்கள் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்துகொள்ளாவிட்டால், 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றின் கொம்பும் இணைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். எந்த மென்பொருளானாலும், 'கொண்டு', 'வேலை', 'மௌனம்', 'க்ஷ' ஆகியவற்றைத் தட்டி, பிடிஎஃப் ஆக்கி, அதைத் தாளில் அச்சிட்டுப் பார்த்த பிறகே முழு உரையையும் ஏற்றுங்கள். திரையில் சரியாகத் தெரிவது பிடிஎஃப்பில் உடைவதுண்டு.

தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் விரிவு அதிகம். ஆகவே ஆங்கிலத்துக்குப் பழகிய வரி இடைவெளி நம் எழுத்தை மூச்சுத் திணற வைக்கும். பதினொரு புள்ளி எழுத்துக்குப் பதினைந்து அல்லது பதினாறு புள்ளி வரி இடைவெளி விடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஏ5 பக்கத்தை இரு பத்திகளாகப் பிரித்து இருபுறமும் சமமாக்கினால் சொற்களுக்கு நடுவே பெரும் பள்ளங்கள் விழும். ஒரே பத்தியாக அமைப்பதும், வலப்புறத்தைச் சமமாக்காமல் விடுவதும் வாசிப்பை எளிதாக்கும். ஓரங்களில் குறைந்தது 12 மில்லிமீட்டரும், மடிப்பு வரும் பக்கத்தில் 15 மில்லிமீட்டரும் விடுங்கள். நகல் எடுக்கும் பொறிகள் தாளின் விளிம்பில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் வரை அச்சிடுவதில்லை. அந்த வெள்ளைக் கரையைக் கணக்கில் கொண்டே அட்டையை வடிவமைக்க வேண்டும்.

புகைப்படங்களை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) அளவிலும், கோட்டோவியங்களை 600 டிபிஐ அளவிலும் ஸ்கேன் செய்யுங்கள். செல்பேசியில் பரிமாறிக்கொள்ளும்போது சுருங்கிவிடும் படங்களைத் தவிர்த்து, மூலக் கோப்பையே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். கறுப்பு வெள்ளை நகலில் நிழற்படங்கள் இருண்டுபோகும். அனுப்பும் முன் சற்று வெளிறச் செய்து, மாறுபாட்டைக் கூட்டிவைப்பது நல்லது. கரும் பின்னணியில் வெள்ளை எழுத்து திரையில் கவர்ச்சியாக இருக்கும். நகல் பொறியிலோ திட்டுத் திட்டாகத்தான் விழும். கோட்டோவியமும் கையெழுத்தும் நகல் எடுப்பதற்கென்றே பிறந்தவை. தலைப்புகளை மட்டும் ஒரு நண்பரின் நல்ல கையெழுத்தில் எழுதி ஸ்கேன் செய்து பாருங்கள்; எந்த எழுத்துருவும் தராத நெருக்கம் அதில் கிடைக்கும்.

மெய்ப்பை (பிழை திருத்துவதற்கான பிரதியை) திரையில் பார்க்காதீர்கள். தாளில் எடுத்து, எழுதாத ஒருவர் ஒருமுறையும், எழுதியவர் ஒருமுறையும் பார்க்க வேண்டும். ஒற்று மிகுதலும், ரகர றகரமும், தலைப்பில் உள்ள பிழையும்தான் கண்ணிலிருந்து தப்பும். தலைப்புகளை மட்டும் தனியே ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

அச்சிடுதல்

ஐம்பது பிரதிக்கு ஜெராக்ஸ் கடையே அச்சகம். பக்கங்களை 1 முதல் 16 வரை நேர்வரிசையில் ஏ5 அளவில் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். அக்ரோபாட் ரீடரின் அச்சுப் பகுதியில் உள்ள 'புக்லெட்' என்ற தெரிவு, மேலே சொன்ன 17 கூட்டலைத் தானே செய்து தாளில் பக்கங்களை அடுக்கிவிடும். லிபர் ஆபீஸிலும் 'புரோஷர்' என்ற பெயரில் அது உண்டு. இருபுறமும் அச்சிடும்போது தாளின் குறுகிய விளிம்பில் திருப்பும்படி அமைக்க வேண்டும். நீண்ட விளிம்பில் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக வரும். முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்து, பக்க எண்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குச் சொல்லுங்கள். நெரிசல் நேரத்தில் கடைக்குப் போகாதீர்கள். உங்கள் வேலையில் அக்கறை காட்டக் கடைக்காரருக்கும் நேரம் வேண்டும்.

உள்தாளுக்கு 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) போதும். 70 ஜிஎஸ்எம் தாளில் மறுபக்கத்து எழுத்து தெரியும். அட்டைக்கு 130 முதல் 170 ஜிஎஸ்எம் வண்ணத்தாள் வாங்கி அதில் கறுப்பிலேயே அச்சிட்டால், வண்ண அச்சுச் செலவின்றி அழகான அட்டை கிடைக்கும்.

நூறு, இருநூறு பிரதிகளும் வண்ண அட்டையும் வேண்டுமென்றால் டிஜிட்டல் அச்சகத்துக்குப் போகலாம். ஆஃப்செட்டில் பிளேட் செய்வதும் இயந்திரத்தைத் தயார் செய்வதும் பிரதி எண்ணிக்கை எதுவானாலும் மாறாத செலவு; எனவே பல நூறு பிரதிகள் இல்லாமல் அது கட்டுப்படியாகாது. சிவகாசியிலோ, சென்னை திருவல்லிக்கேணி, இராயப்பேட்டைப் பகுதிகளிலோ உள்ள அச்சகங்களில் விலை கேட்கும்போது அளவு, மொத்தப் பக்கம், உள்தாளும் அட்டையும் எத்தனை ஜிஎஸ்எம், எத்தனை வண்ணம், சென்டர் பின்னா ஒட்டு பைண்டிங்கா, எத்தனை பிரதி ஆகிய ஆறையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். இரண்டு மூன்று இடங்களில் கேட்ட விலையை ஒப்பிட வேண்டுமானால் எல்லா இடத்திலும் இதே விவரம் தந்திருக்க வேண்டும். விளிம்பு வரை வண்ணம் போக வேண்டுமென்றால், நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டுக் கோப்பைத் தயாரிக்க வேண்டும். அந்தக் கூடுதல் பகுதி வெட்டும்போது போய்விடும்.

மடித்தலும் பின் அடித்தலும்

நண்பர்கள் நால்வர் கூடிச் செய்தால் ஐம்பது பிரதிகளை ஒரு மாலையில் முடிக்கலாம். தாள்களை ஒவ்வொன்றாக மடிக்காமல், நான்கையும் சேர்த்துச் சரியாகத் தட்டி, ஒரே மடிப்பாக மடித்து, மடிப்பின் மேல் அளவுகோலால் அழுத்தித் தேயுங்கள். அட்டைத் தாள் கனமாக இருந்தால் மடிப்பு வெடித்து வெள்ளை தெரியும்; மடிக்கும் முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் நடுவில் ஒரு கோடு அழுந்தக் கீறிவிட்டால் சுத்தமாக மடியும்.

சாதாரண ஸ்டேப்ளரின் கை ஏட்டின் நடுமடிப்பு வரை எட்டாது. நீண்ட கை கொண்ட ஸ்டேப்ளர் எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும். அது இல்லாவிட்டால், ஏட்டை விரித்துத் தெர்மோகோல் பலகையின் மேல் கவிழ்த்து வைத்து, ஸ்டேப்ளரை முழுவதும் திறந்து மடிப்பின் மேல் அழுத்தி, பிறகு உட்புறம் நீட்டி நிற்கும் பின் முனைகளை மடக்கிவிடலாம். என் தேர்வு ஊசியும் நூலும்தான். நடுமடிப்பில் மேலே, நடுவில், கீழே என மூன்று துளைகள் இடுங்கள். உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே வந்து, மேல்துளையில் உள்ளே போய், உட்புறமாகக் கீழ்த்துளைக்கு இறங்கி வெளியே வந்து, மீண்டும் நடுத்துளையில் உள்ளே நுழைந்து, நீளமாகக் கிடக்கும் நூலை நடுவில் பிடித்து முடிச்சிடுங்கள். துருப்பிடிக்காது, பல பத்தாண்டுகள் கழித்தும் பக்கம் கழலாது. சென்னையின் ஈரக்காற்றில் இரும்புப் பின் தாளில் கறை விட்ட பழைய சிறுபத்திரிகைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஏட்டில் இருக்க வேண்டிய விவரங்களும் சட்டமும்

இதழின் பெயர், இதழ் எண், மாதம், ஆண்டு, வெளியிட்டவர், ஊர், தொடர்பு முகவரி, அச்சிட்ட இடம், எத்தனை பிரதி என்ற விவரங்களை உள்ளட்டையில் கட்டாயம் அச்சிடுங்கள். ஆண்டு குறிப்பிடாத ரசிகர் இதழ்கள் நூலகப் பட்டியல்களில் கேள்விக்குறியோடு கிடக்கின்றன. வீட்டு முகவரியைத் தர விரும்பாதவர்கள் அஞ்சலகப் பெட்டி எண்ணோ, இதழுக்கென்று தனியே ஒரு மின்னஞ்சலோ வைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம், 2023 என்பது 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. குறித்த கால இடைவெளியில் வெளிவந்து, பொதுச் செய்திகளையோ அவை பற்றிய கருத்துகளையோ தாங்கும் வெளியீடு பதிவு பெற வேண்டும் என்கிறது அது. நூல்கள் அந்த வரையறைக்கு வெளியே உள்ளன. ஒரே ஒருமுறை வெளியிடும் ஏட்டைச் சிறு நூலாகக் கொள்வது இயல்பு. மாதந்தோறும் கொண்டுவரத் தொடங்கி, நடப்புச் செய்திகளையும் விமர்சிப்பீர்களானால் பதிவு பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நம் சிறுபத்திரிகைகள் வழக்கமாக அச்சிட்டுவந்த 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்ற குறிப்பு நோக்கத்தைத் தெரிவிக்கும். அச்சொற்கள் மட்டுமே சட்டப் பாதுகாப்பாகிவிடா.

விலையும் அஞ்சலும்

தாள், அச்சு, அட்டை, நூல், உறை ஆகியவற்றின் மொத்தச் செலவை, விற்கக்கூடிய பிரதிகளின் எண்ணிக்கையால் வகுத்து விலை வையுங்கள். ஐம்பதில் எழுதியவர்களுக்கும், நூலகங்களுக்கும், உங்களுக்குமாகப் பத்துப் பதினைந்து போய்விடும் என்பதால் முப்பத்தைந்தால் வகுப்பதே சரி. அஞ்சல் செலவைத் தனியாகக் காட்டுங்கள். பிற ரசிகர் இதழ் நடத்துபவர்களுக்கு விலையின்றி அனுப்பி, பதிலுக்கு அவர்கள் இதழைப் பெறுவது உலகெங்கும் தொடரும் நல்ல வழக்கம்.

அஞ்சல் துறையின் முறைகள் அண்மையில் மாறியுள்ளன. பதிவு அஞ்சல் 2025இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. 2025 மே மாதம் தொடங்கிய 'ஞான் போஸ்ட்' நூல்களுக்கான மலிவான சேவை. விளம்பரம் தாங்கிய பருவ இதழ்களுக்கு அது பொருந்தாது. ஏட்டின் ஒரு பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு அஞ்சலகத்தில் காட்டி, எந்த வகையில் அனுப்பலாம், எடைக்கு எவ்வளவு என்று கேட்டு உறுதி செய்த பிறகே விலையை அறிவியுங்கள். உறைக்குள் ஒரு கனத்த அட்டையைச் சேர்த்து வைத்தால் ஏடு மடங்காமல் போய்ச் சேரும்.

ஒவ்வொரு பிரதியோடும், எழுத வேண்டிய முகவரியைக் குறிப்பிட்டு, கருத்துக் கேட்டு ஒரு சிறு குறிப்பு வையுங்கள். வரும் கடிதங்களைத் தேதியோடு சேர்த்துவைத்து, இரண்டாம் இதழின் இரண்டு பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்குங்கள். பிழையைச் சுட்டிய கடிதத்துக்கு முதலிடம் தாருங்கள்.

பாதுகாத்தல்

அச்சிட்டதில் ஐந்து பிரதிகளை எவருக்கும் கொடுக்காமல் தனியே எடுத்துவையுங்கள். எழுத்துருக்களை உள்ளடக்கிய பிடிஎஃப்பையும், மூலக் கோப்புகளையும், ஸ்கேன் செய்த படங்களையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமியுங்கள். வெளியிடும் நூல்களின் பிரதியைக் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா பொது நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு வெளியீட்டாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு அப்பாலும், கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுவதும் திரட்டிய நூல்களையும் துண்டறிக்கைகளையும் அடித்தளமாகக் கொண்டு 1994இல் உருவான சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பலாம். ஈழத்து வெளியீடுகளையும் புலம்பெயர்ந்தோர் வெளியீடுகளையும் மின்வடிவில் காத்துவரும் 'நூலகம்' திட்டத்தோடு, அவ்வகை இதழ் நடத்துபவர்கள் தொடர்பு கொள்ளலாம். அனுப்பும் பிரதியோடு ஒரு தனித்தாளில் இதழ் தொடங்கிய மாதம், இதுவரை வந்த இதழ்களின் எண்ணிக்கை, புனைபெயரில் எழுதியவர்கள் ஒப்புக்கொண்டால் அவர்களின் இயற்பெயர் ஆகியவற்றை எழுதி வைத்தால், பட்டியலிடுபவர்களின் வேலை எளிதாகும்.